426 பிரசவங்களும் ஒரு மாத்திரையும்

மாணவர்களே, இந்த வாரப் பாடம் ஒரு பின்னத்தில் தொடங்குகிறது: 426-இல் 4.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தச் சிறிய பின்னத்தால் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை அறிவிப்பை வெளியிட்டது. எச்.ஐ.வி. கிருமியுடன் வாழும் பெண்களுக்கு எந்த மாத்திரையைக் கொடுப்பது என்ற முடிவு பல நாடுகளில் அதனால் மாறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே ஆய்வுக் குழு இன்னொரு பின்னத்தை வெளியிட்டது: 9,460-இல் 10. முதல் பின்னம் கிளப்பிய அச்சத்தை இரண்டாவது பின்னம் தணித்தது.

மருந்து மாறவில்லை, ஆய்வு நடந்த நாடும் மாறவில்லை. பிறகு எப்படி விடை மாறியது? இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் உயிரியல் வேண்டும், கொஞ்சம் கணிதமும் வேண்டும். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய முடிவை யார் எடுப்பது என்ற கேள்வியும் நடுவில் வரும்.

போட்ஸ்வானாவில் ஒரு கணக்கெடுப்பு

தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே இருக்கும் நாடு போட்ஸ்வானா. பரப்பளவில் மலேசியாவைவிடப் பெரியது. ஆனால் அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர்தான். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார். 2002ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கு இலவசச் சிகிச்சையைத் தொடங்கிய நாடு அது.

அக்காலத்தில் பல நாடுகளில் பரவலாகப் பயன்பட்ட மருந்துகளில் ஒன்று எஃபாவிரென்ஸ். குரங்குகளிடம் நடத்திய சோதனையில் அம்மருந்து சில குட்டிகளுக்குப் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கியதாகத் தெரிந்ததால், கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க மருத்துவர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். குரங்குகளிடம் கண்டது மனிதர்களுக்கும் பொருந்துமா? பொறுமையாகக் கணக்கெடுத்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

அதற்காக 2014ஆம் ஆண்டில் தொடங்கியதுதான் 'செபாமோ' ஆய்வு. அதன் முறை எளிமையானது. அரசாங்க மருத்துவமனைகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தாதியர் தலைமுதல் கால்வரை பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். தாய்க்கு எச்.ஐ.வி. உண்டா, எந்த மருந்தை எப்போதிலிருந்து சாப்பிடுகிறார் என்பதையும் பதிவு செய்வார்கள். பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. யாரையும் விட்டுவிடாமல் எண்ணுவதுதான் இந்த ஆய்வின் பலம்.

2016ஆம் ஆண்டில் போட்ஸ்வானா புதிய மருந்துக்கு மாறியது. அதன் பெயர் டோலுடெக்ராவிர். பழைய மருந்துக்காகத் திறந்த பதிவேடு புதிய மருந்தையும் கண்காணிக்கத் தொடங்கியது.

கிருமி செய்வதும் மாத்திரை தடுப்பதும்

எச்.ஐ.வி. நம் உடலின் காவல் படையையே தாக்குகிறது. நோய் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் ஒருவகை வெள்ளை அணுக்களுக்கு சி.டி.4 அணுக்கள் என்று பெயர். கிருமி அவற்றுக்குள் நுழைந்து மூன்று முக்கிய வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கும் தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ. வடிவுக்கு மாற்றுகிறது. பொதுவாக உயிரணுவில் டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும். இங்கு வேலை தலைகீழாக நடக்கிறது.

இரண்டாவது, அந்த டி.என்.ஏ.யை நம் உயிரணுவின் டி.என்.ஏ.யோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. இதைச் செய்யும் நொதியின் பெயர் இன்டெக்ரேஸ். ஒட்டியபின், அது நம் சொந்த மரபுச் செய்திபோல உயிரணுவுக்குள் தங்கிவிடும்.

மூன்றாவது, உயிரணுவை ஆலையாக்கிப் புதிய கிருமிகளைத் தயாரிக்கிறது. சி.டி.4 அணுக்கள் படிப்படியாகக் குறைந்துபோகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால், பல ஆண்டுகளில் உடல் சாதாரண நோய்களையும் எதிர்க்க முடியாத நிலைக்குப் போகும். அந்த இறுதிக் கட்டம்தான் எய்ட்ஸ்.

இன்று பல நாடுகளில் கொடுக்கப்படும் ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கின்றன. டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய இரண்டும் முதல் வேலையைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் இரண்டாவது வேலையைத் தடுக்கிறது. ஒரு பூட்டைத் திறக்கக் கிருமி வழி கண்டுபிடித்தாலும், அடுத்த பூட்டில் மாட்டிக்கொள்ளும். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

மாத்திரையை ஏன் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும்? ஏற்கனவே டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்ட கிருமிச் செய்தி சில உயிரணுக்களில் உறங்கிக்கொண்டிருக்கும். மருந்தால் அதைத் துடைத்தெடுக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் அது விழித்துக்கொள்ளும்.

இரத்தத்தில் கிருமி தென்படாவிட்டால்

சிகிச்சை பெறுபவரின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை கிருமிகள் உள்ளன என்று ஆய்வகம் அளந்து சொல்லும். தொடக்கத்தில் அது பல்லாயிரமாகவோ லட்சமாகவோ இருக்கலாம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால், சில மாதங்களில் கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். கிருமி முற்றாக அழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இரத்தத்தில் சுற்றும் கிருமி அளவிட முடியாத அளவு குறைந்துவிட்டது என்றுதான் பொருள்.

இந்த நிலையை அடைந்தவர் உடலுறவின்வழி தம் துணைக்குக் கிருமியைப் பரப்புவாரா? இந்தக் கேள்விக்கு விடை காண 9 நாடுகளில் 1,763 தம்பதிகள் ஓர் ஆய்வில் பங்கெடுத்தார்கள். சென்னையும் அதன் ஆய்வு மையங்களில் ஒன்று. சிகிச்சையை உடனே தொடங்கியதால் துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்தது என்று 2011ஆம் ஆண்டில் தெரியவந்தது. பின்னர் ஐரோப்பாவில் 888 இணையர்களைக் கவனித்தார்கள். ஒருவருக்குக் கிருமி உண்டு, மற்றவருக்கு இல்லை. சிகிச்சையால் கிருமி அளவு மிகக் குறைவாக இருந்தது. ஆணுறையின்றி ஏறத்தாழ 58,000 முறை உறவு நடந்தும், துணையிடமிருந்து துணைக்குப் பரவிய நிகழ்வு ஒன்றுகூட இல்லை. 2016ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியானது.

இந்த முடிவு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன மாற்றத்தைத் தரும் என்று எண்ணிப் பாருங்கள். தன்னால் அன்புக்குரியவருக்கு நோய் வந்துவிடுமோ என்ற பயம் போகிறது. திருமணமும் தாய்மையும் மீண்டும் கைக்கெட்டும் தூரத்திற்கு வருகின்றன. சிகிச்சை இல்லாதபோது, கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் ஆகியவற்றின்வழி 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குக் கிருமி பரவலாம். முறையான சிகிச்சையால் இதை 5-க்கும் குறைவாக்கலாம். கருத்தரிக்கும் முன்பே கிருமி கட்டுப்பட்டு, கர்ப்பக் காலம் முழுவதும் அப்படியே இருந்தால், பிறக்கும்போது பரவும் வாய்ப்பு இன்னும் வெகுவாகக் குறையும். தாய்ப்பால் கொடுப்பது பற்றி மட்டும் மருத்துவரிடம் தனியாக ஆலோசனை பெற வேண்டும், ஏனென்றால் உடலுறவுக்குச் சொன்ன விதி அதற்கு அப்படியே பொருந்தாது.

28 நாள்களில் மூடும் குழாய்

இப்போது அந்த 426-க்குத் திரும்புவோம்.

கருவில் முதலில் உருவாகும் பகுதிகளில் ஒன்று நரம்புக் குழாய். தட்டையாக இருக்கும் உயிரணுத் தகடு இரு ஓரங்களிலும் மடிந்து, வெற்றிலையைச் சுருட்டுவதுபோல் ஒரு குழாயாக மூடிக்கொள்ளும். அதன் மேல்முனை மூளையாகும், எஞ்சியது முதுகுத் தண்டாகும். கருத்தரித்த ஏறக்குறைய 28 நாள்களுக்குள் இது மூட வேண்டும். எங்காவது மூடாமல் நின்றுவிட்டால், முதுகெலும்புப் பிளவு, மூளை முழுமையாக வளராமை போன்ற கடுமையான குறைபாடுகள் ஏற்படும்.

28 நாள் என்பதைக் கவனியுங்கள். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே அப்போது தெரிந்திருக்காது. அதனால்தான், குழந்தை பெற எண்ணும் எல்லாப் பெண்களையும் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் சாப்பிடும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

2018 மே மாதம் வரை கிடைத்த பதிவுகளை செபாமோ குழுவினர் தொகுத்தபோது கண்டது இதுதான்:

• எச்.ஐ.வி. இல்லாத தாய்மார்கள்: 66,057 பிரசவங்களில் 61 நரம்புக் குழாய்க் குறைபாடுகள் (0.09 விழுக்காடு)
• கருத்தரிக்கும்போதே வேறு எச்.ஐ.வி. மருந்துகள் சாப்பிட்டவர்கள்: 11,300-இல் 14 (0.12 விழுக்காடு)
• கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் சாப்பிட்டவர்கள்: 426-இல் 4 (0.94 விழுக்காடு)
• கர்ப்பமான பிறகு டோலுடெக்ராவிர் தொடங்கியவர்கள்: 2,812-இல் 0

மூன்றாவது வரி மற்றவற்றைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். நான்காவது வரி சந்தேகத்தை மேலும் வலுப்படுத்தியது. கர்ப்பமான பிறகு மருந்தைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குள் நரம்புக் குழாய் மூடியிருக்கும். ஆகவே அவர்களிடம் குறைபாடு இல்லாததும், மருந்தின் மீதுள்ள சந்தேகத்தோடு பொருந்தி வந்தது. நீங்கள் அந்த ஆய்வாளராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இன்னும் அதிகமான பதிவுகள் வரட்டும் என்று காத்திருப்பீர்களா? அல்லது உடனே அறிவிப்பீர்களா?

அவர்கள் அறிவித்தார்கள். அது சரியான செயல். சிறிய எண்ணாக இருந்தாலும், ஆபத்து பெரியதாக இருக்கலாம் என்றால் மறைக்கக் கூடாது.

எச்சரிக்கை எப்படித் தடையானது

எச்சரிக்கை வெளிவந்த பிறகு நடந்தவைதான் இந்தப் பாடத்தின் மையம்.

குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்கள் டோலுடெக்ராவிர் சாப்பிட்டால், நம்பகமான கருத்தடை முறையையும் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. சில நாடுகள் இன்னும் கடுமையாக நடந்துகொண்டன. ஆண்களுக்குப் புதிய மருந்து, பெண்களுக்குப் பழைய எஃபாவிரென்ஸ் என்ற நிலை உருவானது. குழந்தை பெறும் எண்ணமே இல்லாத பெண்களும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

பழைய மருந்தையே சாப்பிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எஃபாவிரென்ஸ் சிலருக்குத் தலைச்சுற்றலையும் கெட்ட கனவுகளையும் மனச்சோர்வையும் தருகிறது. கிருமி அம்மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்வதும் எளிது. டோலுடெக்ராவிர் வேகமாக வேலை செய்யும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சிகிச்சை தொடங்கிய பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பிரசவ நேரத்தில் கிருமி 50-க்கும் கீழே குறைந்திருந்தவர்கள் டோலுடெக்ராவிர் குழுவில் 74 விழுக்காடு, எஃபாவிரென்ஸ் குழுவில் 43 விழுக்காடு. தாமதமாக வந்த தாய்க்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையின் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி, சிறிது சிறிதாக ஹார்மோனை வெளியிடும். எஃபாவிரென்ஸ் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுவதால், கல்லீரல் அந்த ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். உகாண்டாவில் இதை அளந்து பார்த்தபோது, இரத்தத்தில் ஹார்மோன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வில் குச்சி வைத்திருந்தும் 20 பெண்களில் 3 பேர் கருத்தரித்தார்கள். டோலுடெக்ராவிரால் அந்தச் சிக்கல் வருவதில்லை. அதாவது, 'கருத்தடை இருந்தால்தான் புதிய மருந்து' என்ற விதியால் பழைய மருந்திலேயே தங்கிய பெண்ணுக்கு, அந்தப் பழைய மருந்தே கருத்தடையைப் பலவீனப்படுத்தக்கூடும்.

2018 ஜூலையில், ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் 18 நாடுகளைச் சேர்ந்த 39 பெண்கள் கூடினார்கள். அனைவரும் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள். ஆபத்து உண்டென்றால் அதைத் தங்களுக்கு விளக்க வேண்டும், நன்மையையும் விளக்க வேண்டும், பிறகு தேர்வைத் தங்களிடம் விட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பெண் என்றாலே வருங்காலத் தாய் என்று மட்டும் பார்த்து நல்ல மருந்தை மறுப்பதை அவர்கள் ஏற்கவில்லை.

எண்ணுவதை நிறுத்தவில்லை

இதற்கிடையே போட்ஸ்வானாவின் பிரசவ அறைகளில் தாதியர் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். கண்காணிக்கும் மருத்துவமனைகளின் எண்ணிக்கையும் கூடியது. கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் சாப்பிட்ட தாய்மார்களின் கணக்கு இப்படி வளர்ந்தது:

• 2018 மே: 426-இல் 4 (0.94 விழுக்காடு)
• 2018 ஜூலை: 596-இல் 4 (0.67 விழுக்காடு)
• 2019: 1,683-இல் 5 (0.30 விழுக்காடு)
• 2020: 3,591-இல் 7 (0.19 விழுக்காடு)
• 2021: 5,860-இல் 9 (0.15 விழுக்காடு)
• 2022: 9,460-இல் 10 (0.11 விழுக்காடு)

கடைசி வரியைப் பாருங்கள். மற்ற தாய்மார்களிடம் காணப்பட்ட அளவும் ஏறக்குறைய அதுதான்.

ஏன் இப்படி? ஒரு சிறு சோதனை செய்யலாம். 426 பிரசவங்களில் குறைபாடு ஒன்று குறைந்திருந்தால், அதாவது 3 என்றிருந்தால், விழுக்காடு 0.94-இலிருந்து 0.70 ஆக இறங்கும். ஒன்று கூடியிருந்தால் 1.17 ஆக ஏறும். ஒரே ஒரு குழந்தை முடிவையே அசைத்துவிடுகிறது. 9,460 பிரசவங்களில் ஒன்று கூடினால், 0.11 என்பது 0.12 ஆகும். ஏறக்குறைய அசைவதே இல்லை.

அறிவியலாளர்கள் இதை ஒரு வீச்சாகச் சொல்வார்கள். 426-இல் 4 என்ற தரவைக் கொண்டு பார்த்தால், உண்மையான அளவு 0.37 விழுக்காடு முதல் 2.4 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 9,460-இல் 10 என்றால், அந்த வீச்சு 0.06 முதல் 0.19 வரை சுருங்கிவிடுகிறது. இதற்கு நம்பக வீச்சு என்று பெயர். நாளிதழில் ஒரு விழுக்காட்டைப் படிக்கும்போதெல்லாம், 'எத்தனை பேரில்?' என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

2019 ஜூலையில், கர்ப்பிணிகளும் குழந்தை பெறும் வயதுப் பெண்களும் உட்பட அனைவருக்கும் டோலுடெக்ராவிரை முதல்நிலை மருந்தாக உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அன்று கையில் இருந்த எண் 0.30 விழுக்காடுதான். ஆபத்து இன்னும் பூச்சியமாகவில்லை, ஆனால் நன்மை அதைவிடப் பெரிது என்று தராசு காட்டியது. அதன்பிறகு வந்த எண்கள் அந்த முடிவை உறுதிப்படுத்தின.

இந்த மருந்திலும் குறையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். டோலுடெக்ராவிர் சாப்பிடும் சிலருக்கு உடல் எடை கூடுகிறது, பெண்களுக்கு அது அதிகம். ஆகவே கண்காணிப்பு தொடர்கிறது.

மாத்திரை பார்க்காத இடங்கள்

இரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்ற நல்ல செய்தியுடன் ஒரு பெண் கிளினிக்கை விட்டு வெளியே வரலாம். ஆனால் அந்த எண் அவரது உடல்நலம் முழுவதையும் சொல்லிவிடாது.

முதலாவது, கருப்பை வாய்ப் புற்றுநோய். ஏறக்குறைய எல்லா நேரங்களிலும் எச்.பி.வி. என்ற வேறொரு கிருமிதான் இதற்குக் காரணம். பெரும்பாலான பெண்களின் உடல் எச்.பி.வி.யைத் தானாகவே விரட்டிவிடும். எதிர்ப்பாற்றல் குறைந்த உடலுக்கு அது கடினம். எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம். அதனால், மற்றப் பெண்கள் 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம் என்றால், இவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால், புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே அந்த உயிரணுக்களை அகற்றிவிடலாம்.

இரண்டாவது, பிற பால்வினை நோய்கள். எச்.ஐ.வி. மாத்திரை மேகப்புண் போன்ற நோய்களைத் தடுக்காது. ஆணுறைக்கும் பரிசோதனைக்கும் தேவை இருந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது, மனம். நோய் இருப்பதை வெளியில் சொன்னால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்று அஞ்சும் பெண் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுவார். ஒளிக்க இடமில்லாத நாளில் விட்டுவிடுவார். மாத்திரையை அடிக்கடி விட்டுவிட்டால் கிருமி திரும்பவும் பெருகும். ஆகவே, அக்கம்பக்கத்தாரின் பேச்சுகூட ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவை மாற்றக்கூடும்.

நம் நாட்டில்

மலேசியாவின் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் திட்டம் 1998ஆம் ஆண்டில் தொடங்கியது. கிருமி இருப்பது தெரிந்தால், தாய்க்கும் குழந்தைக்கும் சிகிச்சை கொடுக்கப்படும். இருபது ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபரில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண்ணும் பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனம் நமக்கு வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இதைப் பெற்ற முதல் நாடு மலேசியா. போட்ஸ்வானாவும் பின்தங்கவில்லை. கிருமி அதிகம் பரவிய நாடுகளுள் இந்த ஒழிப்புப் பாதையில் முதன்முதலாக வெள்ளித் தகுதியை 2021ஆம் ஆண்டில் பெற்றது அந்த நாடுதான்.

13 வயதில் பள்ளி மாணவிகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசி உங்களுக்கு நினைவிருக்கும். 2010ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் திட்டம், மேலே சொன்ன கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கத்தான்.

கடைசியாக ஒன்று. எச்.ஐ.வி. உள்ளவரோடு கைகுலுக்கினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலோ அது பரவாது. கொசு கடித்தாலும் பரவாது. உங்கள் பக்கத்து வீட்டில், உங்கள் உறவில், உங்கள் வகுப்பில்கூட, இந்த மாத்திரையைத் தினமும் சாப்பிடும் ஒருவர் இருக்கலாம். அவர் அதை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் சொல்லத் துணிந்தால், பயப்படாமல் கேட்கும் அறிவு இப்போது உங்களிடம் இருக்கிறது.

நினைவில் நிற்க

• சி.டி.4 அணு: நோய் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளை அணு. எச்.ஐ.வி. இதைத் தாக்குகிறது.
• இன்டெக்ரேஸ்: கிருமியின் டி.என்.ஏ.யை நம் டி.என்.ஏ.யோடு ஒட்டும் நொதி. டோலுடெக்ராவிர் இதைத் தடுக்கிறது.
• நரம்புக் குழாய்: கருவில் மூளையாகவும் முதுகுத் தண்டாகவும் வளரும் பகுதி. ஏறத்தாழ 28 நாள்களில் மூடும்.
• நம்பக வீச்சு: கிடைத்த தரவைக் கொண்டு பார்க்கும்போது, உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை.

செய்து பாருங்கள்

ஒரு பையில் 95 வெள்ளைக் காகிதத் துண்டுகளையும் 5 சிவப்புத் துண்டுகளையும் போட்டுக் கலக்குங்கள். கண்ணை மூடிப் பத்துத் துண்டுகளை எடுத்து, சிவப்பு எத்தனை என்று எழுதுங்கள். துண்டுகளைத் திரும்பப் போட்டுக் கலக்கி, இதை 20 முறை செய்யுங்கள். சில முறை ஒன்றுமே வராது, சில முறை இரண்டு வரும். ஒவ்வொரு முறையும் கிடைத்த விழுக்காட்டையும், 20 முறையும் சேர்த்த மொத்த விழுக்காட்டையும் ஒப்பிடுங்கள். எது 5 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கிறது?

பயிற்சிக் கேள்விகள்

1. 2018 மே மாதத்தின் முதல் 426 பிரசவங்களை விட்டுவிட்டு, அதன்பிறகு 2022 வரை சேர்ந்த பிரசவங்களை மட்டும் கணக்கிடுங்கள். குறைபாடு எத்தனை விழுக்காடு?
2. கர்ப்பமான பிறகு டோலுடெக்ராவிர் தொடங்கிய 2,812 பேரிடம் குறைபாடு இல்லை என்பது, அம்மருந்து கருத்தரிக்கும் நேரத்திலும் பாதுகாப்பானது என்று நிரூபிக்கிறதா? ஏன்?
3. 426-இல் 4 என்ற எண்ணை ஆய்வாளர்கள் உடனே அறிவித்தது சரியா? அதைக் கொண்டு பெண்களுக்கு மருந்தை மறுத்தது சரியா? இரண்டும் ஒரே கேள்விதானா? வகுப்பில் விவாதியுங்கள்.

முதல் இரண்டுக்கும் விடை

1. 9,460-இலிருந்து 426-ஐக் கழித்தால் 9,034. பத்திலிருந்து நான்கைக் கழித்தால் 6. ஆகவே ஏறத்தாழ 0.07 விழுக்காடு.
2. இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தைத் தொடங்கும் முன்பே நரம்புக் குழாய் மூடியிருக்கும். கருத்தரிக்கும்போதே மருந்து சாப்பிட்டவர்களைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை. உங்கள் குழுவில் பெண்களும் ஆண்களும் சமமாக இருக்கட்டும், முதலில் பெண்கள் பேசட்டும்.